சுமி சொன்னது என்ன?

வக்கீலுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. என் விஷயத்தில் அதை முழங்கால் முடிவு செய்தது. போன ஆடி மாதம், சட்ட உதவி வழக்கறிஞர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அன்று என் ஜூனியர் கவிதா தன் போனை நீட்டி, "மேடம், இதுல தமிழ்ல பேசுனா இந்தியில மாத்திச் சொல்லுது, ஒடியாவுல சொல்லுது. நீங்க மொழிபெயர்க்க ஆள் தேடி அலைஞ்ச மாதிரி நாங்க அலைய வேணாம் பாருங்க" என்றாள்.

எனக்கும் சந்தோஷம்தான். டீக்கடையில் வழி கேட்க, ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று கேட்க, அது பெரிய உதவி. ஆனால் ஜெயில் நேர்காணல் அறைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கொண்டுபோக விட்டாலும், எதிரில் இருப்பவர் எந்த மொழி பேசுகிறார் என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இதை நான் சொன்னதும், "அது எப்படி மேடம் தெரியாம போகும்?" என்று கவிதா கேட்டாள். சுமியின் கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள்.

புதுச்சேரியில் சட்டம் படித்தேன். திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, விருத்தாசலத்தில் ஒரு சீனியரிடம் ஆறு வருடம் வழக்குக் கட்டு தூக்கினேன். பிறகு சட்ட உதவிப் பட்டியலில் சேர்ந்தேன். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் ஆஜராகும் வேலை. அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

சொல்ல வேண்டியது முதலில் நான் செய்த தப்பை. பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ராம்தீன் என்ற பீகார்க்காரருக்குச் சூளை வாசலில் கை வெந்துவிட்டது. சட்ட உதவிக்கு வந்தார். கூடவே அவரை வேலைக்குக் கூட்டி வந்த மேஸ்திரியின் ஆளும் வந்தான். எனக்கு இந்தி தெரியாது. அவனுக்கு இரண்டும் தெரியும். ராம்தீன் கையை நீட்டி நீட்டி ரொம்ப நேரம் பேசினார். அவன் என் பக்கம் திரும்பி, "ஆறிப்போச்சாம் மேடம். கம்ப்ளெய்ன்ட் எதுவும் வேணாமாம். ஊருக்குப் போறாராம்" என்றான். அத்தனை நீளப் பேச்சு இத்தனை சிறியதாக எப்படி ஆனது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அப்படியே எழுதி, ராம்தீனிடம் கைநாட்டு வாங்கினேன்.

பத்து நாள் கழித்து விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் தெருவைச் சேர்ந்த ஷகிலா டீச்சர். வீட்டில் உருது பேசுகிறவர், ஸ்கூலில் இந்தியும் சொல்லிக் கொடுத்தவர். பிளாட்பாரத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ராம்தீன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைக் காட்டி ஏதோ கேட்டார். டீச்சர் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ரெண்டு விரலு மடங்கவே மாட்டேங்குதுன்னு உங்ககிட்ட மூணு தடவ சொன்னாராம். நீங்க எழுதிக்கிட்டீங்களாம். அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு கேக்கறாரு."

எனக்கு முகம் சுட்டது. அந்த ரயிலில் ராம்தீனை ஏற விடவில்லை. டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்டு, புதிதாக மனு போட்டேன். ராம்தீனுக்கு விரலில் ஆபரேஷனும் நடந்தது, நஷ்ட ஈடும் வந்தது. அதற்கப்புறம் எதிராளியின் ஆளையோ, கட்சிக்காரரின் சொந்தக்காரரையோ நான் மொழிபெயர்க்க வைத்ததே இல்லை. ஷகிலா டீச்சர் என் நிரந்தரத் துணையானார்.

சுமி வந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புரளி ஓடிக்கொண்டிருந்த சமயம். நெடுஞ்சாலை ஓர நிறுத்தம் ஒன்றில், மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வடக்கத்திப் பெண் ஒருத்தியைக் கூட்டம் பிடித்து அடித்துவிட்டது. போலீஸ் வந்துதான் அவளை உயிரோடு மீட்டது. அவளை ரிமாண்ட் செய்தார்கள். குழந்தையை அரசுக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். வழக்கு எனக்கு ஒதுக்கப்பட்டது.

புகாரைப் படித்தபோது அவள் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. குழந்தை பூப்போட்ட பாவாடை சட்டை போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, நம் ஊர்ப் பிள்ளை மாதிரியே இருந்ததாம். அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கும்போது "ஐயோ, ஐயோ" என்று தமிழில் அலறியதாம். ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். அங்கே நின்ற லாரி டிரைவர் ஒருவர் இந்தியில், பிள்ளையைத் திருடினாயா என்று கேட்டதற்கு அவளே "ஹாங்", ஆமாம், என்று தலையாட்டினாளாம்.

ஷகிலா டீச்சரோடு கிளைச் சிறைக்குப் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் தையல் போட்டிருந்தது. உள்ளே வந்ததும் எங்கள் இருவர் கையையும் பார்த்தாள். அடிப்போமோ என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

டீச்சர் இந்தியில் மெதுவாகக் கேட்டார். குழந்தை உன்னுடையதா? ஹாங். வேறு யாருடையதாவதா? ஹாங். நீ பீகாரா? ஹாங். வங்காளமா? ஹாங். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரித்த முகத்தோடு அவளிடம் இந்தியில் ஒன்று கேட்டார். அதற்கும் ஹாங்.

"என்ன டீச்சர் கேட்டீங்க?"

"நீ தான் கலெக்டரான்னு கேட்டேன்" என்றார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "இந்தப் பொண்ணுக்கு இந்தி தெரியாது மேடம். அடி விழாம இருக்கணும்னு எல்லாத்துக்கும் தலையாட்டுது. இதுக்கு மேல நான் பேசுனா அது பொய்யா போயிடும். எனக்குத் தெரியலன்னு கோர்ட்ல எழுதியே குடுக்கறேன்."

அந்த வழக்கின் முதல் வெற்றி அதுதான் என்று இன்றும் சொல்வேன். நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவர், தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தோடு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்றேன். அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான அம்மையார். குரல் உயரவே உயராது. வக்கீல் வேகமாகப் பேசினால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். நாம் நிதானத்துக்கு வந்த பிறகுதான் எடுப்பார். எந்த வாக்குமூலத்தையும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, "இது அவங்க வார்த்தையா, எழுதினவர் வார்த்தையா?" என்று கேட்பார். பல வக்கீல்களுக்கு அது எரிச்சல். எனக்கும் சில நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது. அன்று அப்படி இல்லை.

டீச்சர் எழுதியதை இரண்டு முறை படித்தார். "அப்ப இந்தப் பொண்ணு சொன்னதா இந்தக் கட்டுல இருக்கறது எதுவுமே அவங்க சொன்னதில்ல. அப்படித்தானே?"

"ஆமாங்கம்மா."

"என்ன மொழி?"

"தெரியலைங்கம்மா."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. ஆள் கிடைச்சா ஜெயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக நான் உத்தரவு போடறேன்" என்று அடுத்த வழக்கை எடுத்தார்.

எப்படித் தெரிந்துகொள்வது? ரிமாண்ட் நீட்டிப்புக்காக அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டி வந்த அன்று, காவலுக்கு வந்த பெண் போலீஸிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்கினேன். வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக் காட்டி, "தண்ணி" என்றேன். பிறகு அவளைப் பார்த்தேன். முதலில் புரியவில்லை. இரண்டாவது முறை மெல்ல, "தாக்" என்றாள். நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். கண்ணைத் தொட்டேன். "மேத்." காதைத் தொட்டேன். "லுதுர்." கையைக் காட்டினேன். "தீ." பதினைந்து வார்த்தைகள் சேர்ந்தன. அத்தனை நாளில் யாரோ அவளிடம் ஒன்றைக் கேட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. போகும்போது தானாகவே தன் நெஞ்சைத் தொட்டு, "சுமி" என்றாள்.

நம் ஜங்ஷனில் தண்டவாள வேலைக்கு எல்லா மாநிலத்து ஆட்களும் இருக்கிறார்கள். மறுநாள் காலை ரயில்வே குடியிருப்புக்கு நோட்டோடு போனேன். குழாயடியில், வாசலில், கட்டிலில் இருந்தவர்களை எல்லாம் பிடித்து, பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி வாசித்தேன். தாக், மேத், லுதுர், தீ. ஒடியாக்காரர் உதட்டைப் பிதுக்கினார். வங்காளத்துக்காரர் சிரித்தார். பீகார்க்காரர் இருவர், வக்கீலம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற மாதிரி பார்த்தார்கள். கிளம்பலாம் என்று திரும்பியபோது, வேலைக்குப் போக ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு கை மாட்டியபடியே என்னிடம் ஓடி வந்தார்.

"மேடம், இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"இது எங்க பாஷை! சந்தாலி. எங்க அம்மா பேசுறது." அவருக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவர் பெயர் முர்மு. ஜார்க்கண்டில் தும்கா பக்கம். ஐந்து வருடமாக இங்கே டிராக்மேன். விஷயத்தைச் சொன்னதும் பயந்தார். கோர்ட்டு, போலீஸ், வேலைக்கு ஆபத்து என்று அடுக்கினார். மாஜிஸ்ட்ரேட் அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அந்த அதிகாரி நல்ல மனிதர். முர்முவைக் கூப்பிட்டு, லீவு கழிக்காமல் அனுப்புகிறேன், போய்விட்டு வா என்றார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. முர்முவின் தமிழ் தண்டவாளத்துக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. ஆனால் இந்தி நன்றாக வரும். அதனால் சுமி சந்தாலியில் சொல்வதை முர்மு இந்தியில் சொல்வார். அதை ஷகிலா டீச்சர் எனக்குத் தமிழில் சொல்வார். நான் கேட்பது அதே வழியில் திரும்பிப் போகும்.

அன்று ஜெயிலில் நாங்கள் உட்கார்ந்த விதத்தைக் கவிதாவுக்காக விவரமாகவே எழுதுகிறேன். சுமி எனக்கு நேர் எதிரே. அவள் பக்கவாட்டில், ஒரு சாண் பின்னே, முர்மு. என் பக்கவாட்டில் டீச்சர். நான் பேசுவது சுமியைப் பார்த்துத்தான். ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம். அவள் 'நான்' என்றால் அவர்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவ என்ன சொல்றான்னா' என்பது கூடாது. ஆறுதல், அறிவுரை கூடாது. புரியாவிட்டால் நிறுத்திக் கேட்க வேண்டும். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. இவ்வளவையும் முதலில் இருவரிடமும் சொல்லி, சுமிக்கும் சொல்ல வைத்தேன்.

முர்மு தன் மொழியில் முதல் வாக்கியத்தைச் சொன்னதும் சுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை. முர்முவும் விதியை மறந்து அவளிடம் கோபமாக ஏதோ சொன்னார். டீச்சர் இந்தியில் அதட்டிவிட்டு என்னிடம், "கூட வந்தவங்கள விட்டு ஏன் போனேன்னு திட்டறாரு. அது நீங்க கேட்ட கேள்வி இல்லன்னு சொல்லிட்டேன்" என்றார். முர்மு தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி ஆரம்பித்தோம்.

வாக்கியம் வாக்கியமாக வந்தது. நான் அகல் விளக்கு செய்யும் இடத்தில் வேலை செய்தேன். எங்களை வேறு இடத்துக்கு வேனில் ஏற்றிப் போனார்கள். வழியில் நிறுத்தினார்கள். என் மகள் சாந்தி தண்ணீர் கேட்டாள். நான் குழாயைத் தேடிப் போனேன். வேன் கிளம்பிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆட்கள் என்னைப் பிடித்தார்கள். பிள்ளையைப் பிடுங்கினார்கள்.

அடுத்த வாக்கியம் முர்மு வழியாக, டீச்சர் வழியாக இப்படி வந்தது: "எம் பொண்ணு என்னை அம்மா, அம்மான்னு கூப்பிட்டா."

நான் அப்போது சுமியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன ஒலி வேறாக என் காதில் விழுந்திருந்தது. கையை உயர்த்தி நிறுத்தினேன். "சுமி, பொண்ணு எப்படிக் கூப்பிட்டா? அவ கூப்பிட்ட மாதிரியே சொல்லுங்க."

கேள்வி இரண்டு மொழி தாண்டிப் போனது. சுமி குரலைச் சிறுபிள்ளைக் குரலாக்கிச் சொன்னாள்.

"ஆயோ! ஆயோ!"

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லா" என்றார். நான் கட்டைப் பிரித்துப் புகாரை எடுத்தேன். ஐயோ, ஐயோ. ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் பொய் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டிருக்கிறது. கேட்டவர்கள் காதில் அது கதறலாக விழுந்திருக்கிறது. ஜெயிலில் உட்கார்ந்து வக்கீல் அழக்கூடாது. நான் அழுதேன்.

அன்று மத்தியானமே டீச்சரும் நானும் ஆட்டோ பிடித்து ஊருக்கு வெளியே, அகல் விளக்கு செய்யும் பீங்கான் பட்டறைகளில் இறங்கினோம். நாலாவது பட்டறையில், அச்சிலிருந்து அகல் விளக்குகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த செல்வி என்ற பெண், சுமி, சாந்தி என்று நான் பேரைச் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"எங்க சாந்தி பாப்பாங்களா? வேன்ல ஏத்திவுட்டதே நாந்தாங்க! அந்தப் பாவாட சட்ட எம் பொண்ணோடதுங்க. திருஷ்டி படக்கூடாதுன்னு மைப்பொட்டு வெச்சதும் நாந்தான். வந்து ஒரு மாசந்தான் ஆச்சு, ஆனா எங்க வூட்டு வாசல்ல தாங்க இருக்கும் எந்நேரமும்." போனை எடுத்தாள். அதில் சுமி மடியில் குழந்தை. செல்வியின் மகள் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் அகல் விளக்குகள் காய்கின்றன. வேனில் அவர்களை அழைத்துப்போன மேஸ்திரியோ, ஒரு பெண்ணும் குழந்தையும் குறைகிறார்கள் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவளுடைய ஆதார் அவன் பையில் இருந்தது.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று மாஜிஸ்ட்ரேட் செல்வியின் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். புகாரில் 'ஐயோ' என்று இருந்த வரியில் விரலை வைத்தார். சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு நின்ற முர்முவைப் பார்த்து, "உங்க மொழியில அம்மாவ எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார். டீச்சர் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்: "ஆயோ."

கோர்ட் ஹாலில் சலசலப்பு. மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடி வைத்தார். அரசு வக்கீல் எழுந்து, உச்சரிப்பு ஒன்றுபோல இருப்பதாலேயே தாய் என்று ஆகிவிடாது என்றார். நியாயமான பேச்சுதான். "சரி. குழந்தை கிட்டயே கேட்டுடுவோம்" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு மறுநாள் சாந்தியை மாஜிஸ்ட்ரேட்டின் அறைக்கு அழைத்து வந்தார்கள். இல்லத்தில் இருந்த நாட்களில் அது யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு வராத பிள்ளை என்றே குறித்து வைத்திருந்தார்கள். மாஜிஸ்ட்ரேட் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து நாங்களும் உட்கார்ந்தோம். முர்மு தள்ளி உட்கார்ந்து, அவர்கள் மொழியில் தாழ்ந்த குரலில், தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

குழந்தை சட்டென்று திரும்பியது. அவரையே பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது பாருங்கள், அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. முர்மு கேட்டுக் கேட்டு இந்தியில் சொன்னார், டீச்சர் தமிழாக்கினார்: "தண்ணி வேணும். வேன் போயிடுச்சு. அம்மா நெத்தியில ரத்தம். அம்மா எங்க? இவங்க யாருக்கும் பேசத் தெரியல."

மாஜிஸ்ட்ரேட் எங்கள் பக்கம் திரும்பாமல், "அவங்கள வரச் சொல்லுங்க" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. கதவு திறந்ததும் குழந்தை கூப்பிட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. இந்த முறை அங்கிருந்த யாருக்கும் அதன் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றே ஜாமீன். சுமியின் கிராமத்திலிருந்து குழந்தையின் பிறப்புச் சான்று வந்ததும் குழந்தைகள் நலக் குழு சாந்தியைத் தாயிடம் ஒப்படைத்தது. வழக்கைக் கைவிடுவதாக இன்ஸ்பெக்டரே அறிக்கை கொடுத்தார். கொடுத்துவிட்டு சுமி முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். மேஸ்திரியிடமிருந்து ஆதாரை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மாஜிஸ்ட்ரேட் ஒரு சுற்றறிக்கை போட்டார்: கைதானவருக்குப் புரியும் மொழி எது, அதை யார் சோதித்தது, மொழிபெயர்த்தவர் யார் என்று இனி ரிமாண்ட் காகிதத்தில் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்று எங்கள் அலுவலகச் சுவரில் ஏறியது. முதல் இரண்டு பெயர் ஷகிலா டீச்சரும் முர்முவும். அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போனதுதான் என் வக்கீல் வாழ்க்கையின் பெருமை. நேபாளி, அசாமி, சைகை மொழி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒவ்வொருவரும் நாங்கள் தேடிப் பிடித்தவர்கள்.

சுமி ஊருக்குப் போகவில்லை. செல்வியின் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கணவரும் கேரளாவிலிருந்து இங்கே வந்துவிட்டார். சாந்தி இப்போது நம் ஊர் ஸ்கூலில் தமிழ் மீடியம்.

நான் கடைசியாக ஆஜரான வழக்குகளில் ஒன்று ஒரு சந்தால் பெண்ணுடையது. புருஷன் அடிப்பதாகப் புகார். முர்மு மாற்றலாகி எப்போதோ போய்விட்டார். பட்டியலில் இருந்த பெயரைப் பெஞ்ச் கிளார்க் கூப்பிட்டார். நீலப் புடவையில், கையில் களிமண் கறை முழுக்கப் போகாமல், சுமி கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

புது மாஜிஸ்ட்ரேட், இளைஞர். "என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"பீங்கான் வேலைங்க ஐயா."

"என்னென்ன மொழி தெரியும்?"

"சந்தாலி தெரியும்ங்க. தமிழு தெரியும். இந்தி இப்பதான் கொஞ்சம் கொஞ்சம் கத்துக்கிட்டு இருக்கேன்ங்க."

உறுதிமொழியைத் தமிழில் திக்காமல் சொன்னாள். கூண்டில் நின்ற பெண் பேசினாள். சுமி ஒவ்வொரு வாக்கியமாக, 'நான்' என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். எதிர்த் தரப்பு வக்கீல், "என்ன, சொல்லுங்கம்மா, நேரமாவுது" என்று அவசரப்படுத்தினார்.

சுமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மாஜிஸ்ட்ரேட்டை நேராகப் பார்த்தாள். "ஐயா, அவங்க சொன்னதுல ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குது. எதுன்னு அவங்களயே கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். கொஞ்சம் இருங்க."

"கேளுங்கம்மா" என்றார் அவர்.

அவள் அந்தப் பெண்ணிடம் குனிந்து நிதானமாகக் கேட்க ஆரம்பித்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.